பூட் ஆகிவிட்டது, சரி. கணக்கு சரியா?

ஓவர்க்ளாக் செய்தவர்களிடம் "ஸ்டேபிளா இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒரு வாரமா ஓடுது, ஒண்ணும் ஆகல" என்பார்கள். கேம் ஆடுகிறவருக்கு அந்தப் பதில் போதும். ஒரு ஃப்ரேமில் ஒரு பிக்சல் நிறம் மாறி வந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் ராத்திரி முழுக்க சிமுலேஷனை ஓடவிட்டு, காலையில் வருகிற எண்ணை அப்படியே அட்டவணையில் ஏற்றுகிறவருக்கு அந்தப் பதில் எதையும் சொல்லவில்லை. கணினி நிற்காமல் ஓடியது என்பது ஒரு விஷயம். அது போட்ட கணக்கு சரி என்பது வேறு விஷயம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. பயாஸில் எந்த எண்ணை எங்கே மாற்றுவது என்பதும் வழியில் வரும்.

முதலில் அடிப்படை. பிராசசரின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கல். மதர்போர்டு தருகிற அடிப்படைத் துடிப்பு ஒன்று, அதற்கு பேஸ் க்ளாக் என்று பெயர். அதை எத்தனை மடங்காக்க வேண்டும் என்று சொல்லும் பெருக்கெண் இன்னொன்று. 100 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு, பெருக்கெண் 33 என்றால் 3.3 கிகாஹெர்ட்ஸ். இரண்டில் எதைக் கூட்டினாலும் வேகம் கூடும்.

இதில் எல்லாரும் சொல்கிற பழங்கதை, 1998இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ. 66 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு, பெருக்கெண் 4.5, ஆக 300 மெகாஹெர்ட்ஸ். பெருக்கெண்ணை இன்டெல் பூட்டி வைத்திருந்தது. ஆனால் மதர்போர்டில் துடிப்பை 66இலிருந்து 100க்கு மாற்ற முடிந்தது. மாற்றினால் நேராக 450 மெகாஹெர்ட்ஸ். போர்டு பிடிவாதமாக 66லேயே நின்றால், பிராசசர் அட்டையின் ஒரு குறிப்பிட்ட தொடுமுனையை டேப் ஒட்டி மறைத்து போர்டை ஏமாற்றினார்கள். விலை குறைந்த செலரான், அன்றைக்கு உச்சத்தில் இருந்த பென்டியம் 2, 450க்குப் பக்கத்தில் போய் நின்றது. கேஷ் 128 கிலோபைட்தான், ஆனால் அது பிராசசரின் முழு வேகத்தில் ஓடியது. பென்டியம் 2வில் 512 கிலோபைட் இருந்தாலும் அது பாதி வேகத்தில்தான் ஓடியது.

இந்த மிச்சம் எங்கிருந்து வந்தது? ஒரே சிலிக்கான் தட்டில் வெட்டிய சில்லுகள்கூட ஒன்றுபோல இருப்பதில்லை. தயாரிப்பாளர் ஒவ்வொன்றையும் சோதித்து, இது இந்த வேகத்துக்குத் தாங்கும் என்று வகைபிரிக்கிறார். அப்படிப் பிரிக்கும்போது மோசமான நிலைமையை நினைத்துதான் எண் போடுகிறார்: சூடான அறை, தூசி அடைத்த ஃபேன், மட்டமான பவர் சப்ளை, வருஷக்கணக்கில் வயதாகிப்போன டிரான்சிஸ்டர். போதாததற்கு, விலை குறைந்த ரகத்துக்குக் கிராக்கி அதிகமானால் நல்ல சில்லுகளும் அந்தப் பெட்டியில் போகும். ஓவர்க்ளாக் செய்கிறவர் இந்த மிச்சத்தைத்தான் எடுத்துச் செலவு செய்கிறார். இலவசமாகக் கிடைத்த வேகம் என்று சொல்கிறோமே, அது உண்மையில் தயாரிப்பாளர் பாதுகாப்புக்காக ஒதுக்கி வைத்த நேரம்.

நேரம் என்று சொன்னது உவமை இல்லை, நிஜமாகவே நேரம்தான். 3.3 கிகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்பு சுமார் 303 பிகோசெகண்ட். 4.5இல் அது 222 ஆகச் சுருங்குகிறது. ஒளியே அதற்குள் ஏழு சென்டிமீட்டர்கூடப் போகாது. இந்த இடைவெளிக்குள் ஒரு பதிவகத்திலிருந்து கிளம்புகிற சமிக்ஞை, நடுவில் வரிசையாக நிற்கும் டிரான்சிஸ்டர்களைத் தாண்டி அடுத்த பதிவகத்தை எட்டி, நிலைத்து நிற்க வேண்டும். எட்டுவதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிட்டால் 1 இருக்க வேண்டிய இடத்தில் பழைய 0வே பதிவாகிவிடும். கச்சேரியில் காலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் பாடகர் ஒரு ஸ்வரத்தை விழுங்கிவிடுவார் இல்லையா, அதே கதை. தாளம் நிற்காது, கச்சேரியும் நிற்காது. ஸ்வரம் போனது தெரிந்த காதுக்கு மட்டும்தான் தெரியும்.

எல்லாப் பாதையும் ஒரே நீளம் இல்லை. இரண்டு முழு எண்களைக் கூட்டுவது குட்டையான பாதை. ஒரே சமயத்தில் பல தசம எண்களைப் பெருக்கிக் கூட்டும் ஏவிஎக்ஸ் கட்டளைகள் சில்லின் பெரிய பகுதிகளை ஒன்றாக இயக்குபவை, மின்சாரத்தையும் மொத்தமாக இழுப்பவை. விண்டோஸ் பூட் ஆவதற்கும் பிரவுசர் திறப்பதற்கும் இந்தக் கடினமான பகுதிகள் அவ்வளவாகத் தேவைப்படாது. அதனால்தான் டெஸ்க்டாப் பளிச்சென்று வருகிறது, பாட்டு ஓடுகிறது, எல்லாம் நன்றாக இருப்பது போலத் தெரிகிறது. அணிக்கோவைப் பெருக்கலைக் கொடுக்கும்போதுதான் சாயம் வெளுக்கும். ஆராய்ச்சி வேலையில் நாம் கொடுப்பதோ பெரும்பாலும் அதைத்தான்.

இப்ப பயாஸுக்குள் போவோம். உதாரணத்துக்கு 2011 ஜனவரியில் வந்த சாண்டி பிரிட்ஜ் ஐ5-2500கே. பழைய சில்லுதான், ஆனால் பாடம் நடத்த இதைவிடத் தெளிவான ஒன்று கிடையாது. இந்தத் தலைமுறையில் பேஸ் க்ளாக் 100 மெகாஹெர்ட்ஸ். அதைத் தொட்டால் பிசிஐ எக்ஸ்பிரஸ், சாட்டா என்று எல்லாமே சேர்ந்து நகரும், ஏனென்றால் அவற்றின் துடிப்பும் அதிலிருந்தே வருகிறது. சில சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் ஹார்ட் டிஸ்க்கில் எழுதுவதே சந்தேகம். ஆக, அதை விட்டுவிடுங்கள். பெயரின் கடைசியில் 'கே' இருக்கிற சில்லுக்குப் பெருக்கெண் திறந்திருக்கிறது. பி67, இசட்68 மாதிரி அதற்கு அனுமதிக்கும் சிப்செட் உள்ள போர்டும் வேண்டும். ஏஎம்டி ரைசனில் கிட்டத்தட்ட எல்லா டெஸ்க்டாப் சில்லும் திறந்தே வருகிறது, ஆனால் ஏ320 போன்ற அடிமட்ட சிப்செட்டில் மாற்ற முடியாது.

கணினியைப் போட்டதும் டெலீட் அல்லது எஃப்2 அழுத்தி உள்ளே போய், முதலில் எல்லாவற்றையும் இயல்பு நிலைக்குக் கொண்டுவாருங்கள். மெமரியையும் இயல்பு வேகத்திலேயே வையுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு விஷயத்தை மாற்றினால், பிழை வரும்போது யாரைக் குற்றம் சொல்வது என்று தெரியாது. பிறகு பெருக்கெண்ணை ஒவ்வொன்றாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் சோதனை. போர்டு எழவே மறுத்தால் பதற வேண்டாம். மின்சாரத்தை நிறுத்தி, சிமாஸ் ஜம்பரைச் சில விநாடி இணைத்தாலோ, அந்த ரூபாய் நாணயம் மாதிரி இருக்கிற பேட்டரியைக் கழற்றி மாட்டினாலோ பழைய நிலைக்கு வந்துவிடும்.

ஒரு கட்டத்துக்கு மேல் வோல்டேஜ் கூட்டாமல் வேகம் ஏறாது. மின்னழுத்தம் கூடினால் டிரான்சிஸ்டர் சீக்கிரம் திறந்து மூடும், சமிக்ஞை நேரத்துக்குள் போய்ச் சேரும். இதற்கு விலை உண்டு. சில்லு வேலை செய்யும்போது எடுக்கும் மின்திறன் வேகத்தோடு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறும். 3.3இலிருந்து 4.5க்குப் போக, 1.20 வோல்ட்டை 1.35 ஆக்கினோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் 36 சதவீதம் கூடியது. மின்திறனோ 73 சதவீதம். 95 வாட்டுக்கென்று வடிவமைத்த சில்லு 160 வாட்டைத் தாண்டுகிறது. அத்தனையும் சூடாக வெளியே வர வேண்டும், சூடு ஏற ஏற அதே வேகத்துக்கு இன்னும் வோல்டேஜ் கேட்கும். வோல்டேஜை 'ஆட்டோ'வில் விட்டால் போர்டே பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பவர்கள் உண்டு. நிறைய போர்டுகள் அந்த 'ஆட்டோ'வில் தேவைக்கு மேல்தான் ஊற்றுகின்றன. கணினி விழுந்துவிட்டால் போர்டுக்குக் கெட்ட பெயர், சில்லு இரண்டு வருஷம் முன்னாடியே தேய்ந்தால் யாரும் போர்டைத் திட்டப்போவதில்லை!

பயாஸில் பலரைக் குழப்புகிற ஒரு வரி லோட் லைன் கேலிப்ரேஷன். வீட்டில் மோட்டார் போட்டா பல்பு மங்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். சில்லின் மேல் திடீரென்று வேலை விழுந்தால் அதற்குப் போகும் மின்னழுத்தம் கொஞ்சம் இறங்கும். அப்படி இறங்குகிற மாதிரிதான் வடிவமைத்திருக்கிறார்கள். இந்த அமைப்பு அந்த இறக்கத்தைக் குறைக்கிறது. நல்லதுதானே, உச்சத்தில் வைத்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் மோட்டாரை நிறுத்தும்போது பல்பு ஒரு கணம் பளீரென்று எரிகிற பக்கமும் இருக்கிறது. வேலை சட்டென்று விலகும்போது மின்னழுத்தம் நாம் போட்ட எண்ணையும் தாண்டி மேலே குதிக்கும். அந்தக் குதிப்பு மென்பொருள் காட்டும் அளவுகளில் தெரியாது, அவ்வளவு சின்ன நேரம். நடுத்தர நிலையில் வைத்து, இறக்கத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு கொஞ்சம் வோல்டேஜ் சேர்ப்பதே என் விருப்பம்.

சூட்டைப் பற்றி நம்ம ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டு விமர்சனங்களில் வரும் வெப்ப எண்கள் பெரும்பாலும் 20 டிகிரிக்குச் சற்று மேலான அறையில் எடுத்தவை. ஹீட்சிங்க் தருவது அறை வெப்பத்துக்கு மேல் எத்தனை டிகிரி என்கிற வித்தியாசத்தைத்தான். மார்கழியில் 26 டிகிரி அறையில் 78இல் நின்ற சில்லு, சித்திரையில் 38 டிகிரி அறையில் 90ஐத் தொடும். டிசம்பரில் பாஸ் ஆன சோதனை மே மாதத்துக்குச் செல்லாது.

சரி, சோதனை. இதற்கு எல்லாரும் ஓடவிடுவது பிரைம்95. இது ஓவர்க்ளாக் செய்கிறவர்களுக்காக எழுதிய மென்பொருளே இல்லை. 1996இல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய, மெர்சென் பகா எண்களைத் தேடும் கூட்டு முயற்சியின் கருவி அது. கோடிக்கணக்கான இலக்கங்கள் உள்ள எண்களை வர்க்கப்படுத்திக்கொண்டே போக வேண்டும். நேரடியாகப் பெருக்கினால் ஆயுசு போதாது என்பதால், ஃபூரியர் உருமாற்றத்தைத் தசம எண்களில் செய்து, கடைசியில் வரும் ஒவ்வொரு விடையையும் பக்கத்து முழு எண்ணுக்குத் திருத்துகிறார்கள். 41.998 வந்தால் 42. 42.003 வந்தாலும் 42. 42.5 வந்தால்? 42ஆ 43ஆ என்று யாராலும் சொல்ல முடியாது. சில்லு ஒழுங்காக இருந்தால் அந்த அளவுக்கு விலகல் வரவே கூடாது. அதனால்தான் அது "ரவுண்டிங் 0.5, 0.4க்குக் குறைவாக எதிர்பார்த்தது" என்று ஒரு பிழைச் செய்தியைக் காட்டி நிற்கிறது. அதைப் பார்த்தவர்கள் பலர், அர்த்தம் தெரிந்தவர்கள் சிலர். கணினி விழவில்லை, திரை உறையவில்லை. உங்கள் பிராசசர் ஒரு பெருக்கலைத் தப்பாகப் போட்டிருக்கிறது, அவ்வளவுதான். வேறு மென்பொருளாக இருந்திருந்தால் அந்த விடையை வாங்கிக்கொண்டு பேசாமல் அடுத்த வேலைக்குப் போயிருக்கும்.

இந்தத் தேடல்காரர்கள் இன்னொரு விஷயத்திலும் நமக்குக் குரு. ஒரு கணினி "இந்த எண் பகா எண் இல்லை" என்று சொன்னால் அதை அப்படியே நம்ப மாட்டார்கள். பல வருஷம், அதே எண்ணை வேறொருவரின் கணினியில் இன்னொரு முறை ஓடவிட்டு, இரண்டு மிச்சங்களும் ஒத்துப்போனால்தான் ஏற்றுக்கொண்டார்கள். பின்னாளில் ராபர்ட் கெர்பிச் கொடுத்த ஒரு வழியால், கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைச் சரிபார்க்க முடிந்தது. கணினி தப்பு செய்யும் என்பதை ஆரம்பத்திலேயே ஏற்றுக்கொண்டு கட்டிய அமைப்பு அது. நம் ஆய்வகங்களில் எத்தனை பேர் ஒரு கணக்கை இரண்டு கணினியில் ஓட்டிப் பார்க்கிறோம்?

தப்பு நடப்பது எவ்வளவு சகஜம் என்பதற்கு மைக்ரோசாஃப்ட்காரர்கள் இரண்டு சாட்சி வைத்திருக்கிறார்கள். 2005இல் ரேமண்ட் சென் எழுதியது ஒன்று. விண்டோஸ் விழும்போது வரும் அறிக்கைகளைப் பார்த்தால், ஒரு பதிவகத்தைப் பூஜ்யமாக்கும் சாதாரணக் கட்டளையில் நிரல் விழுந்திருக்கிறது. அந்தக் கட்டளை மெமரியைத் தொடுவதே இல்லை, அது தோற்க வழியே கிடையாது. விசாரித்தால் ஓவர்க்ளாக். அதிலும் சிலருக்குத் தங்கள் கணினி ஓவர்க்ளாக் ஆனது என்பதே தெரியாது, விற்றவர் செய்து கொடுத்திருக்கிறார். இரண்டாவது, நைட்டிங்கேல், டூசர், ஆர்கோவன் மூவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை. சுமார் பத்து லட்சம் வீட்டுக் கணினிகளின் பழுது அறிக்கைகளை அலசியதில், ஓவர்க்ளாக் செய்தவை பல மடங்கு அதிகமாக விழுந்தன. குறித்த வேகத்துக்கும் கீழே ஓட்டியவை, சாதாரணமானவற்றைவிடக் குறைவாக விழுந்தன. தயாரிப்பாளர் விட்டுவைத்த மிச்சம் சும்மா இல்லை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை. அதுவும், இவை விழுந்ததால் தெரிய வந்தவை மட்டும்.

"நான் எதையுமே மாத்தலையே, எனக்கு எதுக்கு இது?" என்று கேட்கலாம். உங்களுக்குப் பதிலாகப் போர்டு மாற்றியிருக்கலாம். 2500கே காலத்தில் பயனருக்குக் கிடைத்த மிச்சத்தை இன்றைக்கு டர்போ என்ற பெயரில் தயாரிப்பாளரே செலவு செய்துவிடுகிறார். அதற்கு மேல் போர்டு கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு மின்திறன் வரம்பை 4096 வாட் என்று, அதாவது வரம்பே இல்லை என்று, இயல்பாகவே வைத்து அனுப்பின. இன்டெல் 13, 14ஆம் தலைமுறை உயர்ரகச் சில்லுகளின் கதையில் இதுவும் ஒரு பகுதி. கேம்கள் திறக்கும்போது வீடியோ மெமரி போதவில்லை என்று பிழை வந்தது, வீடியோ கார்டைக் குறை சொன்னார்கள். உண்மையில் சுருக்கி வைத்த கோப்புகளை பிராசசர் விரிக்கும்போது தப்பாக விரித்திருந்தது. கோப்பை விரிக்கும் நிரலுக்குத் தன் விடை கெட்டுப்போனதைக் கண்டுபிடிக்கத் தெரியும், அதனால் கூவியது. 2024இல் இன்டெல் சொன்ன காரணம்: அதிக மின்னழுத்தமும் வெப்பமும் சேர்ந்து கோருக்குள் இருக்கும் க்ளாக் சுற்றைத் தேய்க்கின்றன, முன்பு போதுமாக இருந்த வோல்டேஜ் பிறகு போதாமல் ஆகிறது. மைக்ரோகோட் திருத்தம் வந்தது, உத்தரவாதமும் மூன்றிலிருந்து ஐந்து வருஷமாக நீண்டது. தேய்ந்த சில்லை எந்தத் திருத்தமும் பழையபடி ஆக்காது. அந்தத் தலைமுறைச் சில்லு வைத்திருந்தால் பயாஸைப் புதுப்பித்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

மெமரிக்கான எக்ஸ்எம்பி, எக்ஸ்போ அமைப்புகளும் ஓவர்க்ளாக்தான், பெட்டியில் அந்த வேகத்தை அச்சடித்திருந்தாலும்கூட. 2023 ஏப்ரலில் ரைசன் 7000 வரிசையின் எக்ஸ்3டி சில்லுகள் சில போர்டில் கருகியதற்கு, மெமரி வேகத்துக்காகப் போர்டுகள் ஏற்றிய வோல்டேஜும் காரணமாகச் சொல்லப்பட்டது. ஏஎம்டி அதை 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாமல் பூட்டியது.

ரைசனில் இப்போது பிரபலமான கர்வ் ஆப்டிமைசர் எதிர்த்திசையில் போவது: அதே வேகத்துக்கு வோல்டேஜைக் குறைக்கிறோம், மிச்சமாகும் சூட்டில் சில்லு தானே மேலே போகிறது. எனக்குப் பிடித்த வழி இதுதான். ஆனால் இதிலும் செலவாவது அதே பாதுகாப்பு மிச்சம். இது எல்லா கோரும் முழு வேலையில் இருக்கும்போது விழாது. ஒரே ஒரு கோர் உச்ச வேகத்துக்குத் தாவும்போது, சில சமயம் கணினி சும்மா இருக்கும்போதே விழும். இரவெல்லாம் பிரைம்95 பாஸ் ஆகி, காலையில் மெயில் திறந்தால் ரீஸ்டார்ட். அதனால் ஒவ்வொரு கோராகத் தனித்தனியே சோதிக்கும் கோர்சைக்ளர் போன்ற ஸ்கிரிப்ட் இதற்குக் கட்டாயம். கூடவே விண்டோஸ் ஈவென்ட் வியூவரிலும், லினக்ஸ் என்றால் கெர்னல் லாகிலும், ஹார்ட்வேர் பிழை பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். "பிழை வந்தது, திருத்திவிட்டோம்" என்று அமைதியாக எழுதி வைத்திருக்கும். திருத்தப்பட்டாலும் அது விளிம்பில் நிற்கிறோம் என்பதற்கான எச்சரிக்கை.

ஆய்வு வேலைக்கு ஓவர்க்ளாக் செய்யலாமா என்று நேராகக் கேட்டால், என் பதில் வேண்டாம் என்பதே. 20 சதவீத வேகத்துக்காக விடையைச் சந்தேகப்பட வேண்டியிருந்தால் அது நஷ்ட வியாபாரம். நல்ல கம்பைலர் தேர்வும், மெமரியை ஒழுங்காகத் தொடுகிற நிரலும் அதைவிட அதிகம் தரும். அப்படியும் செய்துதான் ஆக வேண்டும் என்பவர்களுக்கு, பிரைம்95க்கு மேலும் ஒரு சோதனை. உங்கள் சொந்த நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். இயல்பு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடுகிற ஒரு கணக்கைக் கொடுத்து, வெளிவரும் கோப்பின் செக்சம்மைக் குறித்து வையுங்கள். ரேண்டம் விதை ஒன்றாகவே இருக்கட்டும். பல த்ரெட்டில் ஓட்டினால் கூட்டும் வரிசை ஒவ்வொரு முறையும் மாறி, கடைசி இலக்கங்கள் வேறாக வரும், அது சில்லின் தப்பு இல்லை. அதனால் ஒரு கோருக்கு ஒன்றாக, ஒற்றை த்ரெட் பிரதிகளாக, எல்லா கோரையும் நிரப்பி ஓடவிடுங்கள். பிறகு ஓவர்க்ளாக் அமைப்பில் அதையே இரவு முழுக்க. எட்டு கோர் என்றால் எட்டு செக்சம், எட்டும் முதலில் குறித்ததோடு ஒரு பிட் மாறாமல் ஒத்துப்போக வேண்டும். ஒன்று மாறினாலும் பெருக்கெண்ணை ஒரு படி இறக்கிவிட்டு மறுபடி. பாஸ் ஆனால் அந்த பயாஸ் அமைப்பைப் பெயர் கொடுத்துச் சேமித்து, தேதியையும் அறை வெப்பத்தையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். அக்னி நட்சத்திரம் வரும்போது இன்னொரு தடவை ஓட்ட வேண்டியிருக்கும்.